சொல்லிப் பார்க்கிற அக்கா

அக்கா பேருந்தில் ஏறினால் இடம் தேட மாட்டார், ஆள் தேடுவார். தூங்காத ஆளாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கோழிக்கூண்டை மடியில் வைத்திருக்கும் பெரியவரோ, காதில் பாட்டு மாட்டிய பாலிடெக்னிக் பையனோ, யாராக இருந்தாலும் சரி, பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணே, உங்களுக்கு அணு தெரியுமா?"

"அணுவா? எந்த ஊர்க்காரவுக?"

"எல்லா ஊர்லயும் இருக்காக. உங்க கோழிக்குள்ளயும் இருக்காக. போடி வர்றதுக்குள்ள சொல்லிர்றேன், கேட்டுக்கங்க."

போடி வருவதற்குள் சொல்லியும் விடுவார். பெரியவர் கோழிக்கூண்டைக் கொஞ்சம் மரியாதையோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்.

நான் பண்ணைப்புரத்தில் ஏறுவேன், அக்கா தேவாரத்தில். போடியில் மாறித் தேனிப் பேருந்தைப் பிடித்தால் கல்லூரி. இருவரும் வேதியியல் ஒரே வகுப்பு. எனக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. அக்காவுக்கு முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் நாள் அவர் வகுப்புக்குள் வந்தபோது பேராசிரியை என்று நினைத்து நாங்கள் மொத்தமாக எழுந்து நின்றோம். அக்காவும் விறைப்பாக நின்று, தனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவருக்கும்தான்.

படிப்பதற்கு வீட்டில் நேரம் கிடையாது. விடியுமுன் எழுந்து சமையல், மகளுக்குச் சடை, தண்ணீர். மாலையில் திரும்பினால் மறுபடி அதே சுற்று. புத்தகத்தை விரித்தால் கண் சொக்கும். பேசினால் சொக்காது. அதனால் பேசியே படித்தார். மனப்பாடம் என்ற வேலையே அவரிடம் இல்லை. நான் பரீட்சைக்கு முந்தைய நாள் பக்கம் பக்கமாக உருப்போட்டுக்கொண்டிருந்தால் புத்தகத்தைப் பிடுங்கி மூடுவார்.

"எங்கிட்டச் சொல்லு பாப்பா. சொல்ல வரலைன்னா தெரியலைன்னு அர்த்தம்."

எனக்குப் பெரும்பாலும் சொல்ல வராது.

இந்த அக்கா எதற்காகப் படிக்க வந்தார் என்பது அந்தத் தடத்தில் போகிற ஓட்டுநர்கள்வரை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதையும் அவரேதான் சொல்லியிருந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் பல வருடம் காய் பொறுக்கினார். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தட்டில் காயைப் பரப்பி, கறுத்தது, வெடித்தது, சொறி விழுந்தது எல்லாவற்றையும் தள்ளிப் பச்சைக் காயை மட்டும் சேர்க்கிற வேலை. ஒருமுறை அங்கிருந்து வெளிநாடு போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. பூஞ்சணத்தின் நஞ்சு இருக்கிறதாம். பொறுக்கியவர்கள் சரியில்லை என்று பேச்சு கிளம்பியது. சோதனைக்கூடத்திலிருந்து வெள்ளைக் கோட்டு போட்டு வந்த இளைஞரிடம் அக்கா கேட்டிருக்கிறார்: "சார், கண்ணுக்குத் தெரியாத நஞ்ச எப்படிப் பாக்குறீக?"

"சொன்னாப் புரியாதும்மா."

அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் வராது, ஆச்சரியம்தான் வரும். "பாவம், அவருக்குச் சொல்லத் தெரியல. நாமளே போயிக் கத்துக்கிட்டு வந்து நமக்குச் சொல்லிக்கிருவோம்னு கெளம்பிட்டேன்." அந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு நாற்காலி. அவருக்கு வேண்டியது அதுதான். அதற்குக் குறைவாக எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"வீட்டுக்காரவுக என்ன சொல்றாக?" என்று பேருந்தில் யாராவது கேட்டால், அதற்கும் பதில் தயாராக இருக்கும். "அவுக நெடுங்கண்டத்துல இன்னொருத்தர் வீட்டுக்காரவுகளா இருக்காக. எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல." கேட்டவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அக்கா விட மாட்டார். "அது கெடக்கட்டும், அமிலம்னா என்னான்னு சொன்னேன்ல, இப்ப காரம்."

எந்த ஊரில்தான் இப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடுவார்கள்? "மகளுக்கு மாப்பிள்ள பாக்குற வயசுல அம்மா காலேசுக்குப் போகுதாம்" என்று தேவாரத்தில் ஒரு கடைக்காரர் இவர் காதுபடவே சொன்னார். "மக எட்டாப்புத்தானே படிக்குது, உங்களுக்கு என்ன அவசரம்?" என்று அக்கா கேட்டுவிட்டுப் பருப்பை நிறுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டாம் வருடத்தில் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். எல்லோரும் பெற்றோருடன் வர வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. அக்காவுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையில் பெற்றோருக்கான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. துறைத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்: "வீட்ல நல்லாப் படிக்கிறாங்களாம்மா?"

"வாயை மூடவே மாட்டேங்குது சார்" என்றது பிள்ளை. "அடுப்புகிட்டயும் பேசுது."

செய்முறைத் தேர்வில் அந்த வாய் அவரைக் கவிழ்த்தும் இருக்கிறது. நிறங்காட்டி என்றால் என்ன என்று அக்கா பேருந்தில் பாடம் எடுத்த அழகை நான் கேட்டிருக்கிறேன். "ஆலாத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பக் கலக்குறோமா, செவசெவன்னு மாறுதா? மஞ்சள் என்ன சொல்லுது? ஏ, இங்கன காரம் வந்துருச்சுன்னு சொல்லுது." நடத்துநர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆனால் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நீங்கள் பயன்படுத்திய நிறங்காட்டி எது என்று கேட்டதும் அக்காவுக்குப் பெயர் மறந்துவிட்டது. ஆலாத்திதான் ஞாபகத்துக்கு வந்தது, அதையே சொன்னார். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். மதிப்பெண் தரையைத் தொட்டது. அன்று மாலை போடியிலிருந்து தேவாரம்வரை "பினாப்தலீன், பினாப்தலீன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் முதல் நடத்துநர், "பினாப்தலீன் அக்கா ஏறிட்டாகளா? ரைட், போலாம்" என்றுதான் விசில் அடித்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவரோடு வாழ்வது லேசில்லை. மகளின் கணக்கு மதிப்பெண்ணை அக்கா ஒருநாள் பேருந்தில் சொல்லப்போக, அது வகுப்பு ஆசிரியையின் தங்கை வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அன்று பிள்ளை சாப்பிடவில்லை. "உன்னையப் பத்தி என்ன வேணாலும் சொல்லிக்க. என்னையப் பத்தி பஸ்ஸுல சொல்லாத" என்றது. அதன்பிறகு மகள் பேச்சு வந்தால் அக்கா, "அது அவ சங்கதி, அவகிட்டக் கேளுங்க" என்று நிறுத்திக்கொள்வார். நிறுத்துவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். தும்மலை அடக்குகிறவர் முகம் மாதிரி இருக்கும்.

படிப்பு முடிந்தது. நான் அதே கல்லூரியில் ஒரு வருடப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அக்கா நேராகப் போய்ப் போடியில் இருந்த அந்தச் சோதனைக்கூடத்தின் கதவைத் தட்டினார். ஆறு மாதம் தற்காலிகமாக வேலை பார்க்கட்டும், சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். தற்காலிகச் சம்பளம் குடும்பத்துக்குக் காணாது. அதனால் வாரத்தில் ஆறு நாள் வெள்ளைக் கோட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய கிட்டங்கியில் காய் பொறுக்குதல். நிரந்தரமானால் ஞாயிறு வீட்டில் இருக்கலாம். ஆகாவிட்டால் ஏழு நாளும் கிட்டங்கிதான். ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் வந்தபோது பேருந்தில் எல்லோரும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தோம். சனிக்கிழமைதான் முடிவு சொல்வதாக இருந்தது.

அந்த வாரம் முதல்முறையாக அக்காவைத் தனியாக அனுப்பி மாதிரி எடுத்துவரச் சொன்னார்கள். போன இடம், வேறெங்கே, அதே கிட்டங்கி! மாதிரி என்பது சோதனைக்காகச் சரக்கிலிருந்து எடுக்கிற கொஞ்சம் காய். அதை அக்கா கூடத்துக்குக் கொண்டுவந்து, அரைத்து, நஞ்சு இருக்கிறதா என்று சோதித்து முடித்தாயிற்று. இதெல்லாம் முடிந்த நாளின் மாலைப் பேருந்தில் அக்காவுக்குத் தரை தெரியவில்லை. பக்கத்தில் சிலமலைக்காரப் பெண் ஒருவர். கிட்டங்கியில் பல காலம் அக்காவுக்கு அடுத்த தட்டில் பொறுக்கியவர், இன்னும் அங்கேதான். அக்கா அவரை மதினி என்பார். நான் முன்னிருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"மூட்டையில மேல ஒரு கை, நடுவுல ஒரு கை, அடியில ஒரு கை எடுக்கணும் மதினி. தட்டுல கொட்டிக் கலக்கணும். அம்புட்டையும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? நாலாப் பிரிச்சு எதிரெதிர்ப் பங்க மட்டும் எடுத்துக்கிறணும். ஏன்னு கேளு. மூட்டை எப்படி இருக்கோ, அதே மாதிரிதான் நம்ம பையும் இருக்கணும். நல்லதும் கெட்டதும் சேந்து."

"கெட்டது எங்க இருந்துச்சு?" என்றார் மதினி. "நாந்தான் பக்கத்துல இருந்து பாத்தேனே. பேச்சு எங்களோட, கை தட்டுல. கறுத்தது, வெடிச்சது, பூசணம் பூத்தது அம்புட்டையும் ஓரமாத் தள்ளிக்கிட்டே வந்தே. நீ எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் நாந்தான் கூட்டி அள்ளுனேன். வெள்ளக் கோட்டு போட்டாலும் தொழில் மறக்கல ஆத்தா உனக்கு!"

பேருந்தே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"எம்புட்டு இருக்கும் மதினி?"

"என்னது?"

"நான் தள்ளுனது."

"ஒரு கை நெறைய இருக்கும்."

அக்கா தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "அண்ணே, நிப்பாட்டுங்க."

"ஸ்டாப்பு இன்னும் வரலக்கா" என்றார் நடத்துநர்.

"வந்துருச்சுண்ணே. எனக்கு வந்துருச்சு."

"என்னக்கா, ரிப்போர்ட்டு போயிருச்சா?" என்று கேட்டேன்.

"சுத்தம்னு வந்திருக்கு. காலையில கையெழுத்துப் போட்டு அனுப்பிருவாக. அது சுத்தமில்ல பாப்பா. கெட்டதையெல்லாம் நான் பொறுக்கிப் போட்டுட்டு, நல்லதக் கொண்டுபோயி நல்லதுன்னு சொல்லிருக்கேன்."

"காலையில சீக்கிரம் போய்ச் சொல்லலாம்லக்கா? சனிக்கிழமைக்கு இன்னும்..."

"காலையில எனக்கு வாய் வருமோ வராதோ."

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தி, நான் வாய வச்சுக்கிட்டு சும்மா கெடந்திருக்கக் கூடாதா!"

"நீ சொல்லலைன்னா எனக்கு எப்படி மதினி தெரியும்?" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு அக்கா இறங்கினார். நானும் குதித்தேன். சோளக்காட்டு ஓரத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டார். "மாவு இருக்கு, ஊத்திச் சாப்பிடு. அம்மா ஒரு தப்பச் சரி பண்ணிட்டு வர்றேன்." எதிரே வந்த போடிப் பேருந்தில் ஏறினோம். அந்தப் பேருந்திலும் பக்கத்தில் தூங்காத ஆள் இருந்தார். அக்கா அவரிடம் எதுவும் பேசவில்லை.

கூடத்தின் பொறுப்பாளர் குமுளிப் பக்கத்து மலையாளப் பெண். கைப்பையைத் தோளில் மாட்டிக் கதவைப் பூட்டப் போனவர் எங்களைப் பார்த்து, "எந்து பற்றி, என்ன ஆச்சு? எதுக்குத் திரும்ப வந்தது?" என்றார். அக்கா நின்றபடியே சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை, யார் மீதும் சாயாமல், பாடம் சொல்கிற மாதிரிதான். எந்த இடத்தில் பேச்சு போனது, எந்த இடத்தில் கை போனது, தள்ளியது எவ்வளவு, எல்லாம்.

பொறுப்பாளர் கைப்பையை மேசை மேல் வைத்தார். "இந்தச் சனிக்கிழமை உங்க விஷயம் முடிவாகும். ஓர்மை உண்டோ, ஞாபகம் இருக்கா?"

"உண்டு மேடம்."

அவர் கணினியைத் திறந்து அந்த அறிக்கையை நிறுத்திவைத்தார். "நாளைக்குப் புதுசா மாதிரி எடுக்கணும். நீங்களே போகணும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் நடந்ததை மதினிதான் சொன்னார். அக்கா ஒரு எவர்சில்வர் டம்ளரோடு கிட்டங்கிக்குப் போயிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் காயைக் கண்டுபிடித்துவிடும் என்பதால், விரலே படாமல் டம்ளரால் மொண்டு மொண்டு எடுத்தாராம். முதலாளி வந்து, "நேத்து எடுத்தது பத்தலையா?" என்று கேட்டிருக்கிறார்.

"நேத்து நான் எடுக்கல முதலாளி. உங்ககிட்ட வேல பாத்தவ எடுத்துட்டா."

இந்த முறை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. சரக்கு கப்பல் ஏறவில்லை. மறுபடி பிரித்து, காயவைத்து, முதலிலிருந்து வேலை. ஞாயிற்றுக்கிழமை இனிமேல் வர வேண்டாம் என்று முதலாளி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். ஆக, சனிக்கிழமை வருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

சனிக்கிழமை மாலைப் பேருந்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடி நிலையத்தில் அக்கா மெதுவாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவரும் கேட்கவில்லை. நடத்துநர் வெறும் "ரைட்" மட்டும் சொன்னார். வண்டி ஊரைத் தாண்டியதும் நான்தான் பொறுக்காமல் கேட்டேன்.

"இன்னும் மூணு மாசம் பாக்கணும்னுட்டாக" என்றார். "அதே சம்பளம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "இது அநியாயம்க்கா! வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் நிரந்தரமாயிருக்கும். உண்மையச் சொன்னதுக்குத் தண்டனையா?"

"உண்மையச் சொன்னதுக்கு இல்ல பாப்பா. மாதிரிய ஒழுங்கா எடுக்காததுக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத." கொஞ்ச தூரம் போனபின், தனக்கே சொல்வதுபோல, "உண்மையச் சொன்னதுனாலதான் மூணு மாசமாச்சும் கெடச்சிருக்கு" என்றார்.

அந்த மூன்று மாதத்தை அக்கா பேருந்தில் கதையாகச் சொல்லவில்லை. மகள்தான் ஒருநாள் என்னிடம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை ஒரு படி அரிசியில் சிறு கல்லைக் கலந்து கொடுக்குமாம். அம்மா அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். எடுத்ததில் கல் இருக்க வேண்டும். "மொத வாரம் எம்புட்டு எடுத்தாலும் கல்லே வரலக்கா. கை தன்னால ஒதுக்கிருது. அம்மா கைய அடிச்சுச்சு, அதோட கைய அதுவே." அப்புறம்? "அப்புறம் மெல்ல வர ஆரம்பிச்சுச்சு. போன வாரம் சரியா வந்துச்சு. அந்த அரிசியவே பொங்கி, ரெண்டு பேரும் கல்லக் கடிச்சுக்கிட்டே தின்னோம்." சொல்லும்போது பிள்ளை முகத்தில் அப்படி ஒரு பெருமை. இதை பஸ்ஸில் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சொல்லிக்கங்க" என்றது.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, அந்தப் பேருந்தை விட்டு வந்துவிட்டேன். இங்கே எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு போகிறார்கள். அணுவைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வந்த சில வாரத்தில் ஒரு சாயங்காலம் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"அக்கா?"

பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள்.

"அக்கா, கேக்குதா? நாந்தான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு போன் கைமாறியது. மகளின் குரல். "அக்கா, அம்மாவுக்கு நிரந்தரம் பண்ணிட்டாக. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு போன் போட்டுச்சு. போட்டுட்டு, பேசாம என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

நான் ஏதோ கத்தினேன். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன் மறுபடி கைமாறுவது கேட்டது. என்ன கேட்கலாம், எங்கே ஆரம்பிக்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா பேசட்டும் என்று காத்திருந்தேன். குக்கர் இன்னொரு விசில் அடித்து அடங்கியது.

"ஏ பாப்பா" என்றார் கடைசியில், உடைந்த குரலில். "நீயாச்சும் எதாவது பேசேன்."